சிவப்பு நிற்கும் இடம்

ஏப்ரல் 16, ஞாயிறு

ஆறரைக்கு மாத்திரை. ஏழே காலுக்கு இட்லி.

பத்து மணிவாக்கில் இவர் ஏணியைக் கொண்டுவந்து பரணுக்குச் சாத்தினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். முதலில் என் அம்மா வீட்டிலிருந்து வந்த பழைய டிவி இறங்கியது, பின்பக்கம் பிதுங்கிய அந்தக் காலத்துப் பெட்டி. பிறகு போர்வையில் சுற்றிய அமெரிக்கக் கம்ப்யூட்டர். 2012-இல் சாயப்பட்டறை இவரைப் பத்து நாள் பயிற்சிக்கு நியூயார்க் அனுப்பியபோது, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாராம். அவரிடம் வாங்கி, துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. பார்க்கத் தடித்த கீபோர்டு மாதிரி இருக்கும். எல்லாம் அதற்குள்ளேயே. மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். "ரிட்டயர் ஆனதும் பாத்துக்கறேன்" என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிட்டயர் ஆகவில்லை. நாற்பத்தொன்பதுதான் ஆகிறது. வியாழக்கிழமை பட்டறைக்கு ஒரு லாட் துணி திரும்பிவிட்டது. மொத்தமாகத் துணி வாங்கும் அமெரிக்க பையருக்காகச் சாயம் போட்ட சிவப்பு. ஷேடு சரி என்று இவர் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. பையரின் ஆட்கள் பெங்களூரில் பிரித்துப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்ட சிவப்பே இது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சின்ன முதலாளி, "ரெண்டு மூணு வாரம் ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்" என்றிருக்கிறார்.

"வெளக்குல கோளாறு புள்ள," என்கிறார் இவர்.

அமெரிக்கக் கடைகளில் ஒரு வகை விளக்காம், ஐரோப்பியக் கடைகளில் இன்னொரு வகை. ஒரே துணி ஒரு விளக்கின் கீழ் ஒரு சிவப்பாகவும் மற்றதன் கீழ் வேறு சிவப்பாகவும் தெரியும். அதனால்தான் பட்டறையில் லைட் பாக்ஸ் என்று ஒன்று வைத்து, எந்த நாட்டு ஆர்டரோ அந்த நாட்டு விளக்கைப் போட்டு ஷேடு பார்ப்பார்கள். யாரோ விளக்கை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது இவர் முடிவு.

இருக்கலாம். இருபத்து நான்கு வருஷமாக ஷேடு பார்க்கிற கண். கல்யாணமான புதிதில் என் புடவையைக் கையில் எடுத்துக்கொள்ளாமலேயே கடைக்குப் போய் அச்சாக அதே நிறத்தில் பிளவுஸ் துணி எடுத்து வருவார். மேட்சிங் சென்டர்காரர் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார். இன்றுவரை என் பிளவுஸ் எல்லாம் இவர் எடுத்ததுதான். போன மாதம்கூட என் அரக்கு நிற நெகமம் புடவைக்கு ஒன்று எடுத்து வந்தார். தைத்தும் வந்துவிட்டது. பீரோவில் இருக்கிறது.

மாங்காய் நறுக்கி உப்பில் போட்டாயிற்று.

ஏப்ரல் 17

அமெரிக்கக் கரண்டுக்கு மாற்றும் டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தார். கும்மென்று ஒரு சத்தம். புகை வரவில்லை. மாத்திரை ஆறரைக்கு.

ஏப்ரல் 19, புதன்

கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது. ஆனால் டிவியில் படம் நிற்கவில்லை. கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருக்கிறது, பட்டறையில் துணி ரோலில் ஏறுகிற மாதிரி. வெறும் சாம்பல் நிறம் வேறு. கொஞ்ச நேரம் பார்த்ததில் எனக்குத் தலை சுற்றியது.

"பெட்டி மேல கலர் கம்ப்யூட்டர்னு போட்டிருக்குது. கலரக் காணமே," என்று ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார்.

லீவில் வீட்டில் இருக்கும் கணக்கு டீச்சர் நான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அருளப்பன் அண்ணனைக் கூப்பிடலாம் என்றேன்.

ஏப்ரல் 20, வியாழன்

அருளப்பன் அண்ணன் வந்தார். திருப்பூரில் பாதிப் பேர் வீட்டு டிவியின் முதுகைக் கழற்றியவர். இப்போது கம்பெனிகளுக்கு சிசிடிவி மாட்டுகிறார். "முன்னெல்லாம் நீங்க டிவி பாக்கறதுக்கு வருவனுங் அம்மிணி. இப்ப உங்களயெல்லாம் டிவில பாக்கறதுக்கு வர்றேன்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோர் வீட்டிலும் இதைச் சொல்லியிருப்பார்.

ஓடுகிற படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இது அமெரிக்கா சாமானுங்களா மாஸ்டர்?"

"ஆமாங்ணா."

"அப்பறம் எப்படீங் நிக்கும்? அவனூரு கரண்டுக்குத் தக்கன டிவிய அமைச்சான். செகண்டுக்கு அறுபது தடவ படத்தப் போட்டு அழிப்பான். நம்முளுது அம்பது. படத்துல இருக்கற கோடும் அவனுக்குக் கம்மி, நமக்கு ஜாஸ்தி. அவன் வேகத்துக்கு இந்தப் பொட்டி ஓட முடியாம மூச்சு வாங்குதுங்."

டிவியின் பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு மெல்லத் திருப்பினார். ஓட்டம் தளர்ந்து, தயங்கி, நின்றது. எழுத்துகள் தெரிந்தன.

"கலருங்ணா?"

"அது வராதுங் மாஸ்டர். கலர அவன் ஒரு மொறைல அனுப்பறான், நம்ம பொட்டி வேற மொறைல எதிர்பாக்குது. நீங்க தமிழ்ல கேக்கறீங்க, அவன் இங்கிலீசுல சொல்றான். அவன் சொல்றதும் தப்பில்ல, உங்க காதும் தப்பில்ல."

இதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன். அவர் காபி குடித்துப் போன பிறகும் அந்த வாக்கியம் என்னோடு இருந்தது. கம்ப்யூட்டரில் பழுதில்லை. டிவியிலும் பழுதில்லை. கலர் அங்கிருந்து கிளம்புகிறது. வந்து சேருகிற இடத்தில்தான் தெரியாமல் போகிறது. யாருக்கும் உடம்பு சரியில்லை என்று அர்த்தம் இல்லை. அந்தத் திரும்பிய லாட்டும் இப்படித்தான் இருக்கும். இங்கே ஒரு விளக்கு, அங்கே ஒரு விளக்கு.

பல நாள் கழித்து மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

இவர் ஒரு புரோகிராம் எழுதுகிறார். திரையில் பதினாறு பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து நான் வரிவரியாகப் படிக்கிறேன், இவர் ஒற்றை விரலால் தட்டுகிறார். இப்போதைக்கு எல்லாம் சாம்பல் பட்டைகள்தான். சில பட்டைகளுக்கு நடுவே வித்தியாசமே தெரியவில்லை.

"நாலாவது செவப்பு. அஞ்சாவது வேற. இப்ப ரெண்டும் ஒண்ணாட்ட இருக்குது பாரு," என்றார்.

"ஆமாங்க. டிவியாலதான்."

"டிவியாலதான்," என்றார் இவரும்.

இருபத்தெட்டாவது வரியில் கரண்டு போனது. இந்தக் கம்ப்யூட்டருக்கு நினைவு கிடையாது. கரண்டு போனால் தட்டியதெல்லாம் போச்சு. மறுபடியும் முதலிலிருந்து. அந்த வரிகளை இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு முறை தட்டியதில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கோவை ஹாஸ்டலிலிருந்து மிருதுளா கூப்பிட்டாள். "அப்பா வீட்லயே இருக்காராமே? உடம்பு எப்பிடிம்மா?" இருமல் நின்றுவிட்டது, சத்து மாத்திரை மட்டும் ஓடுகிறது என்றேன்.

ஏப்ரல் 24

உழவர் சந்தைக்கு இவர் போனார். ஒரு கிலோ தக்காளியில் முக்கால் கிலோ பச்சைக்காய். ஆறு மணிக்கு அங்கே வெளிச்சம் போதாது. துவையல் அரைத்துவிட்டேன்.

ஏப்ரல் 27, வியாழன்

சின்ன முதலாளி வீட்டுக்கே வந்தார். மோர் கொடுத்தேன். நல்ல பையன். இவர் எதிரில் உட்காரக்கூடக் கூச்சப்படுவான், இவர் தூக்கி வளர்த்த மாதிரி.

"மே எட்டாந்தேதி வந்துருங்க மாஸ்டர். அதே பையர் இன்னொரு ஆர்டர் குடுத்திருக்கான். மறுபடியும் செவப்புத்தான். நீங்கதான் ஓகே பண்ணோணும்னு அப்பா சொல்லிட்டாரு. ஆனா..."

"சொல்லுங் தம்பி."

"இதும் திரும்புச்சுன்னா பையர் நம்மள விட்டுட்டுப் போயிருவானுங் மாஸ்டர். அப்பறம் அப்பாவாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு டவுட்டுன்னா இப்பவே சொல்லீருங்க."

"எனக்கென்னங் டவுட்டு? வெளக்க மட்டும் எவனும் தொடாமப் பாத்துக்கங்க," என்றார் இவர்.

அவன் போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். "அதுக்குள்ள இதுல கலர் வந்துட்டாப் போதும். கண்ணத் தீட்டிக்கலாம்" என்றார். அருளப்பன் அண்ணனுக்குப் போன் செய்தார். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த எல்லா நாட்டு முறையும் எடுக்கிற டிவி ஒன்று அவர் குடோனில் கிடக்கிறதாம்.

நானும் அந்த டிவிக்காகக் காத்திருக்கிறேன். ஏன் இவ்வளவு ஆவலாகக் காத்திருக்கிறேன் என்று யோசிக்க வேண்டாம்.

ஏப்ரல் 30, ஞாயிறு

டிவி வந்தது. ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். முன்னால் ஒரு சின்ன மூடி, திறந்தால் வரிசையாகக் குமிழ்கள். ஒன்றைத் தள்ளி அமெரிக்க முறைக்கு மாற்றினார் அருளப்பன் அண்ணன்.

புரோகிராமை ஐந்தாம் முறையாகத் தட்டினோம். ஓடவிட்டார்.

கலர் வந்தது. பதினாறு பட்டைகள், திருவிழாக் கடைபோல. நான் கையைத் தட்டிவிட்டேன். இரண்டு வாரம் சாம்பலைப் பார்த்த கண்ணுக்கு நாலாவது பட்டை குங்குமமாக எரிந்தது.

இவர் கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளிப்போய்ப் பார்த்தார்.

"நீலம் வந்துருச்சு. மஞ்சள் வந்துருச்சு. செவப்பு இன்னும் வரலீங்களேண்ணா?"

அருளப்பன் அண்ணன் திரையைப் பார்த்தார். "எதுங் மாஸ்டர்? நாலாவதா? ரத்தமாட்ட நிக்குதுங்களே."

"இதா? இது மண்ணு கலருங். பழுப்படிச்சுக் கெடக்குது."

"அப்படீங்களா... செரி, டின்ட்டத் திருப்பிப் பாக்கலாம்," என்று கடைசிக் குமிழைக் காட்டினார். "நம்மூரு டிவிக்கு இந்தக் குமிழு இல்லீங். நம்ம மொறைல கலரு கொஞ்சம் தடுமாறினா அதுவே தன்னால திருத்திக்கும். அமெரிக்காக்காரன் மொறைல அது இல்ல. பாக்கறவந்தான் கையால திருத்தோணும்."

இவர் குமிழைத் திருப்பினார். குங்குமம் ரோஜாவானது. ரோஜா கத்தரிப்பூவானது. இவர் முகம் அதன் வெளிச்சத்தில் ஊதாவாக இருந்தது. ஷேடு பார்க்கும்போது கண்ணைச் சுருக்கித் தலையைச் சற்றுச் சாய்ப்பார், அதே சாய்ப்பு. இன்னும் கொஞ்சம் திருப்பி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ம்ம். இப்பச் செரி. இதான் செவப்பு."

திரையில் சிவப்பே இல்லை.

அருளப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். இவரும் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏம்புள்ள, செரிதான?"

"செரிதாங்க," என்றேன். "இப்பத்தான் செரியா இருக்குது."

அருளப்பன் அண்ணனை கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"டிவில ஒண்ணும் இல்லீங் அம்மிணி."

மே 1

வீடு கழுவினேன். ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்தேன். மாத்திரை ஆறரைக்கு. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கொடுத்துவிட்டேன்.

மே 2, செவ்வாய்

இந்த நோட்டில்கூட எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன்.

இவருக்குக் காசநோய். டிசம்பர் முதல் வாரத்தில் தெரிந்தது. ஆறு மாத வைத்தியம், ஜூன் ஆரம்பத்தில் முடிய வேண்டும். யாருக்கும் சொல்லவில்லை. பட்டறையில் சொன்னால் லேப்பில் யாரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள் என்று இவர் பயந்தார். மிருதுளாவிடம் மார்ச்சளி என்று சொன்னோம். அதையே இந்த நோட்டிடமும் சொன்னேன் போலிருக்கிறது. "மாத்திரை" என்று மட்டும்தான் எழுதிவந்திருக்கிறேன்.

டிசம்பரில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரைகளில் ஒரு மருந்து சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். எல்லோருக்கும் இல்லை. முதலில் போவது சிவப்பும் பச்சையும். வித்தியாசம் தெரிந்த அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். விட்டால், பார்வையே போகலாம். பிறகு திரும்பும் என்று சொல்ல முடியாது.

மார்ச் மாதம் இவர் என் அரக்குப் புடவைக்கு எடுத்து வந்த பிளவுஸ் துணி காப்பிக்கொட்டை நிறம்.

பையைப் பிரித்ததும் பார்த்தேன். "நல்லாருக்குங்க" என்றேன். டெய்லர் கேட்டாள், "அக்கா, பொடவைய மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?" இல்லை, இதுதான் என்றேன். ஏப்ரல் 3 அன்று தைத்து வந்தது.

ஏப்ரல் 5 அன்று டாக்டரம்மாவிடம் போனோம். "கண்ணு எப்படி இருக்கு? கலர்லாம் ஒழுங்கா தெரியுதா?" என்று கேட்டார். இவர் சிரித்தார். "மேடம், எந்தொழிலே கலர்தானுங்க." டாக்டரம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் ஏன் சொல்லவில்லை? இன்னும் இரண்டு மாதம்தானே என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். மருந்தை மாற்றினால் ஊசி, ஆஸ்பத்திரி, ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் காரணம் இது எதுவும் இல்லை. ஷேடு மாஸ்டரிடம் போய் உங்கள் ஷேடு தப்பு என்று சொல்கிற ஆளாக நான் இருக்கக்கூடாது என்று இருந்தேன். வேறு யாராவது சொல்லட்டும் என்று இருந்தேன்.

வேறு யாரோ சொன்னார்கள். ஒரு லாட் திரும்பியது. அப்போதும் விளக்கு என்றேன், டிவி என்றேன், சந்தையில் வெளிச்சம் இல்லை என்றேன்.

டாக்டரம்மா அடுத்து வரச் சொன்ன தேதி மே 5. எட்டாம் தேதி இவர் அந்தச் சிவப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாம் தேதியும் நான் சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நாளைக்கே சொல்ல வேண்டும்.

மே 3, புதன்

மாத்திரை கொடுக்கவில்லை. இவர் தம்ளரை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "கொஞ்சம் மாடிக்கு வாங்க" என்றேன்.

மொட்டை மாடியில் நல்ல வெயில் ஏறியிருந்தது. எந்த நாட்டு விளக்கும் இல்லை. கைப்பிடிச் சுவரில் அரக்குப் புடவையை விரித்து, அதன் மேல் பிளவுஸை வைத்தேன்.

"என்ன புள்ள, காலங்காத்தால?"

"ரெண்டும் ஒத்துப்போகுதுங்களா?"

குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்தார். "ஒண்ணாத்தான இருக்குது. நாந்தான எடுத்தேன்."

"இல்லீங்க. இது அரக்கு. இது காப்பிக்கொட்டை."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பிளவுஸை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். புடவை மடிப்பைத் தூக்கிப் பக்கத்தில் பிடித்தார். வெகுநேரம்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மார்ச்சுல."

"மார்ச்சுலயா?" குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அந்த லாட்டுக்கு நாங் கையெழுத்துப் போட்டது ஏப்ரல் பத்தாந்தேதி."

"ஆமாங்க."

"ஞாயித்துக்கெழம டிவில செரியா இருக்குதுன்னியே. அதும் பொய்யா?"

"ஆமாங்க."

"அருளப்பண்ணனுக்குத் தெரிஞ்சிருச்சா?"

தலையாட்டினேன்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது," என்றார். பிளவுஸை ஒழுங்காக மடித்துச் சுவரில் வைத்துவிட்டுக் கீழே போனார்.

காலையில் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, என் துணையில்லாமல் தானே நோட்டைப் பார்த்துத் தட்டினார். பட்டைகள் வந்தன. குமிழை ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய இடத்திலேயே விட்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"வா," என்றார் திரும்பாமல். "நெசமாலும் செவப்பு எங்க இருக்குதோ அங்க திருப்பு."

திருப்பினேன். கத்தரிப்பூ ரோஜாவாகி, ரோஜா குங்குமமானது.

"இங்கதாங்க."

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது மண். "இதா..." என்றார். பிறகு எழுந்து, "பொடவைய மாத்து. டாக்டர்ட்டப் போலாம். அஞ்சாந்தேதி வரைக்கும் வேண்டாம்" என்றார்.

போகும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். சாவியை இவராகவே நீட்டினார். வளம் பாலம் பக்கத்து சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டார்: "இப்ப என்ன கலரு எரியுது?"

"செவப்புங்க."

"மேல எரியுது, அதனால செவப்புன்னு வெச்சுக்கிட்டேன்," என்றார். "ஒரு மாசமா இப்படித்தான் வெச்சுக்கறேன். மேக்கு வெயிலு வெளக்குல அடிக்கறதாலனு நெனச்சேன்."

அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மே 4

டாக்டரம்மா திட்டவில்லை. கண் டாக்டரிடம் அனுப்பினார். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். பதினான்கு பக்கம். இவர் மூன்று படித்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பதினான்கையும் படித்தேன், மனதுக்குள்.

அந்த மருந்து நின்றது. அது இல்லாத மாத்திரைகளாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு மாதம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். ஊசி இல்லை, ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதில்லை. நான் பயந்தது எதுவும் இல்லை. நிறம் திரும்புமா என்று இவர் கேட்டதற்கு டாக்டரம்மா, "திரும்பலாம். மாசக்கணக்கில் ஆகும். முழுசா வரும்னு உறுதி சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரே மிருதுளாவிடம் போனில் எல்லாம் சொன்னார். ஸ்பீக்கரில் அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது: "நான் படிக்கறதே பயோடெக்ப்பா! எங்கிட்டயே மார்ச்சளின்னு கத விட்டீங்களா ரெண்டு பேரும்? அம்மாகிட்டக் குடுங்க போன!"

வாங்கவில்லை. துவரம் பருப்பு ஊறவைத்திருந்தேன், அதைப் பார்க்கப் போனேன்.

மே 8, திங்கள்

இவர் பட்டறைக்குப் போய்ச் சின்ன முதலாளியிடம் உள்ளதைச் சொன்னார். நோயையும், கண்ணையும், திரும்பிய லாட் தன் தப்புதான் என்பதையும். இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டையும் காட்டினார். அவன் சீட்டைப் படிக்காமல் திருப்பிக் கொடுத்து, "சாப்டீங்களா மாஸ்டர்?" என்றானாம்.

லைட் பாக்ஸ் சாவி இப்போது வேறொருவர் கையில். இவருக்கு நூல் குடோனில் வேலை. மூட்டையில் எண் எழுதியிருக்கும், நிறம் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு தோசை வார்த்துப் பக்கத்தில் வைத்தேன். என்னோடு இன்னும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

மே 21, ஞாயிறு

அருளப்பன் அண்ணன் டிவியை எடுத்துப்போக வந்தார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார் இவர்.

குமிழில் சரியான சிவப்பு நிற்கிற இடத்துக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். இவர் கண்ணுக்குச் சரியாகப்படும் இடத்தில் இவரே பென்சிலால் ஒரு கோடு போட்டார். "வாராவாரம் பாத்துக்கலாம்" என்றார். பொட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் அகலம் இருந்தது. என்னிடம் அளக்கச் சொன்னதே இவர்தான்.

ஜூன் 11, ஞாயிறு

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. யூனிபார்ம் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தேன். பென்சில் கோடு அதே இடம். இவர் குமிழின் மூடியைச் சத்தம் வராமல் மூடினார்.

ஜூன் 25

அதே இடம்.

ஜூலை 16, ஞாயிறு

பொட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் குமிழைத் திருப்புவார், பார்த்துத் திருப்பினால் கணக்கில்லை என்று. இன்று கோட்டைத் தாண்டிப் பொட்டின் பக்கமாக நிறுத்தினார். பொட்டுக்கு இன்னும் சுண்டுவிரல் அகலத்தில் பாதிதான். மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் ஏறக்குறைய அங்கேயே.

"கை ஆடியிருக்கும்," என்றார்.

மாத்திரை முடிந்து பத்து நாளாகிறது. இன்னும் ஆறரைக்கு எழுந்து தம்ளரில் தண்ணீர் வைத்துவிடுகிறேன். எடுத்துக் குடித்துவிட்டுப் போகிறார்.

ஆகஸ்ட் 6

கண் டாக்டர். பதினான்கில் ஒன்பது. வழியில் இளநீர் குடித்தோம். சிக்னலில் பின்னாலிருந்து குரல்: "செவப்பு. பாத்துத்தான் சொல்றேன்."

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அருளப்பன் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். பதினோரு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும்.

பீரோவைத் திறந்து வெகுநேரம் நின்றேன். பிறகு அரக்கு நெகமத்தை எடுத்தேன். மார்ச்சில் தைத்த அந்த பிளவுஸையும் எடுத்தேன். மே மாதம் மாடிச் சுவரிலிருந்து எடுத்துவந்து உள்ளே வைத்தது. மேலே போட்டுக்கொள்வது இதுதான் முதல் தடவை. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது சொல்லாமலிருந்த இன்னொரு விஷயம் என்று தெரியும்.

இவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைப் பூட்டிவிட்டு இறங்கினேன். ஹெல்மெட்டை நீட்டியவர், கையை அப்படியே நிறுத்தினார். கண்ணைச் சுருக்கினார். தலையைச் சாய்த்தார்.

"ஏம்புள்ள, இதென்ன பிளவுஸு?"

"ஏனுங்க, நல்லாத்தான இருக்குது?"

"எங்க நல்லாருக்குது? அரக்குப் பொடவைக்குப் போய்க் காப்பிக்கொட்டைல போட்டிருக்கற. எவன் எடுத்துக் குடுத்தான் இத?"

பூட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே அவரைப் பார்த்தேன்.

அவருக்கே உறைத்தது. ஹெல்மெட்டை வண்டி மேல் வைத்துவிட்டு என் தோள்பட்டையில் துணியை இரண்டு விரலால் பிடித்து, வெயில் பக்கம் திருப்பினார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் விடவில்லை.

"இவ்வளவு மோசமாவா எடுத்தேன்?" என்றார்.

"இவ்வளவு மோசமாத்தாங்க."

"போய் மாத்திக்க. பச்சைப் பட்டுக்குப் போடற அந்த அரக்கு இருக்குதல்ல, அது ஒத்துப்போகும். போ."

"நேரமாகுதுங்க," என்றேன். மாற்றவில்லை.

மண்டபத்தில் மேட்சிங் சென்டர்காரரின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னங் டீச்சர், மாஸ்டர் வீட்டுலயே மேட்சிங் தப்பிப் போச்சு? எந்தக் கடைல எடுத்தீங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பந்தியில் உட்கார்ந்திருந்த இவர் திரும்பி, மண்டபமே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நாந்தானுங் எடுத்தேன். உங்க கடைலதான்."